டிஜிட்டல் ஸ்டெதஸ்கோப் வைத்துத் தொலைவிலிருந்து நோயாளியைப் பார்ப்பது: கருவி வாங்குவதிலிருந்து டாக்டரின் காது வரை

ஊரில் நர்ஸ், நகரத்தில் டாக்டர், நடுவில் ஒரு டிஜிட்டல் ஸ்டெத். சின்ன கிளினிக், அறக்கட்டளை மையம், வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸிங் சேவை என்று இந்த ஏற்பாட்டைத் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது. நோயாளியே வீட்டில் வைத்துத் தனக்குத் தானே பதிவு செய்துகொள்ளும் முறை வேறு. அதை இங்கே எடுக்கவில்லை.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். கருவி பெரும்பாலும் ஏமாற்றாது. நெஞ்சில் சரியாகப் பிடித்த சத்தம் போகிற வழியில்தான் சாகும். அதிலும் மோசம் என்னவென்றால், வால்வுக் கோளாற்றின் மர்மர் (லப்-டப்புக்கு நடுவே வரும் இரைச்சல்) வழியில் காணாமல் போனால் மறுமுனையில் டாக்டருக்குக் கேட்பது சுத்தமான லப்-டப். கோளாறு ஆரோக்கியம் போலக் கேட்கும். கீழே உள்ள படிகளில் பாதி இந்த ஒரு ஆபத்தைத் தவிர்க்கத்தான்.

1. நேரலையா, பதிவா என்று முதலில் முடிவெடுங்கள்

இரண்டு வழி உண்டு. நேரலையில் நர்ஸ் ஸ்டெத்தை வைக்கும்போதே டாக்டர் கேட்பார். பதிவு முறையில் ஒவ்வொரு இடத்திலும் 15 விநாடி பதிந்து, கோப்பாக அனுப்பி, பிறகு டாக்டர் கேட்பார்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பதிவையே முதன்மையாக வையுங்கள். 15 விநாடியில் நிமிடத்துக்கு 72 துடிப்பு உள்ள இதயம் 18 முறை துடித்துவிடும்; டாக்டருக்கு அது போதும். வேண்டுமானால் அவர் நான்கு முறை திருப்பிக் கேட்கலாம். நெட் மெதுவாக இருந்தால் கோப்பு தாமதமாகப் போகுமே தவிர, சத்தம் கெடாது. நேரலையில் நெட் தடுமாறினால் சத்தத்தில் ஓட்டை விழும். அது துடிப்பு தவறுவது போலவே கேட்கும்.

வீடியோ அழைப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. பேசவும், முகம் பார்க்கவும், 'இன்னும் கொஞ்சம் கீழே வைங்க சிஸ்டர்' என்று இடம் சொல்லவும் வீடியோ வேண்டும். நெஞ்சுச் சத்தம் மட்டும் தனி வழியில் போகட்டும்.

2. கருவி வாங்கும்போது

சந்தையில் இருப்பவை மூன்று ரகம். லிட்மன் கோர் போல, பார்க்கச் சாதாரண ஸ்டெத் மாதிரியே இருக்கும் முழுக் கருவி. ஆயுசிங்க் போல, கையில் இருக்கும் சாதா ஸ்டெத்தோடு பொருத்தும் ஒட்டுக் கருவி. திங்க்லேப்ஸ் ஒன் போல, காதுக்குழாயே இல்லாமல் ஹெட்போன் செருகிக் கேட்கும் வட்டு. மூன்றிலும் வேலை நடக்கும். ஒட்டு ரகத்தில் பொருத்தும் இடம் தளர்வாக இருந்தால் காற்றுக் கசிந்து, தாழ்ந்த சுருதிச் சத்தம் முதலில் போய்விடும். பழைய, விறைத்துப்போன டியூப் உள்ள ஸ்டெத்தில் அதைப் பொருத்தாதீர்கள்.

பணம் கட்டும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை:

- செயலிக்கு ஆண்டுச் சந்தா உண்டா? இலவசமாகப் பதியலாம், ஆனால் பகிர்வதற்குக் காசு என்று சில இடங்களில் வரும். விலைப் பட்டியலில் இது இருக்காது. வாங்கிய பிறகுதான் தெரியும்.
- பதிவைக் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா? வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பாக வந்தால் நல்லது. அந்தச் செயலிக்குள்ளேயே கேட்க வேண்டும் என்றால், டாக்டரும் அதில் கணக்கு திறக்க வேண்டியிருக்கும்.
- உங்களிடம் இருக்கும் அதே போனில் ஓடுமா? 'ஆண்ட்ராய்டில் ஓடும்' என்ற பதில் போதாது. உங்கள் போனிலேயே டெமோ கேளுங்கள்.
- உரிம எண் என்ன? இந்தியாவில் மருத்துவக் கருவிகள் 2017-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் வருகின்றன. இறக்குமதிக் கருவி என்றால் பெட்டியில் இறக்குமதி உரிம எண் அச்சாகியிருக்க வேண்டும். அந்த உரிமப் படிவத்தின் பெயர் எம்டி-15. எண் இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் கருவி, பொம்மைக் கடைச் சரக்குக்குச் சமம்.
- பில்லில் மையத்தின் பெயரும் கருவியின் வரிசை எண்ணும் இருக்கின்றனவா? வாரண்டிக்கு இரண்டும் கேட்பார்கள். டாக்டரின் சொந்தப் பெயரில் பில் போட்டு, பிறகு டாக்டர் மாறிப் போனால் அலைச்சல்தான்.

டெமோ முடிந்ததும் காட்ட வந்தவரின் போனில் ப்ளூடூத் இணைப்பை நீக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவர் அடுத்த முறை கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் கருவி அவர் போனோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

கம்பி வழியாகப் போனில் இணைக்கும் கருவியில் ஒரு பொறி உண்டு. போனின் 3.5 மி.மீ. துளையில் செருகும் முனையில் மைக்குக்கு என்று நான்காவது உலோகப் பகுதி தேவை. மூன்றே உலோகப் பகுதி உள்ள சாதாரண கம்பியைச் செருகினால் போன் அதை ஹெட்போன் என்றே நினைக்கும். பதிவில் ஏறுவது போனின் சொந்த மைக் பிடித்த அறைச் சத்தம். அலை வடிவம் ஆடுவதைப் பார்த்து எல்லாம் சரி என்று நம்பிவிடுவோம். ஸ்டெத் வட்டை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், பிறகு போனைத் தட்டிப் பாருங்கள். எதற்கு அலை எகிறுகிறதோ அதுதான் பதிவாகிக்கொண்டிருக்கிறது.

3. டாக்டருக்கு ஹெட்போன், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்

இதயத்தின் முதல், இரண்டாம் ஒலிகளின் (லப், டப்) பெரும்பகுதி 20 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. மூன்றாம், நான்காம் ஒலிகள் அதிலும் அடித்தட்டு. போன் ஸ்பீக்கரும் லேப்டாப் ஸ்பீக்கரும் அந்தத் தாழ்ந்த பகுதியில் ஏறக்குறைய ஊமை. முப்பதாயிரம் ரூபாய்க் கருவி வாங்கிவிட்டு டாக்டர் அதைப் போன் ஸ்பீக்கரில் கேட்டால் எல்லாம் வீண்.

காதை முழுதாக மூடும், கம்பியுள்ள ஹெட்போன் வேண்டும். 2,000 ரூபாய் அளவில் கிடைப்பது போதும். 'பாஸ் பூஸ்ட்' வைத்த பாட்டுக் கேட்கும் மாடல் வேண்டாம். அது தாழ்ந்த ஒலியை ஊதிப் பெரிதாக்கி, இல்லாத மூன்றாம் ஒலியைக்கூடக் கேட்கவைக்கும். ப்ளூடூத் ஹெட்போன் பதிவைக் கேட்கப் பரவாயில்லை. அழைப்பின் நடுவே அதன் மைக்கும் வேலை செய்தால் ப்ளூடூத் அழைப்பு நிலைக்கு மாறி ஒலித் தரம் சட்டென்று இறங்கிவிடும்.

4. வீடியோ செயலியில் இரைச்சல் நீக்கியை அணைப்பது

நேரலையாகக் கேட்டே ஆக வேண்டும் என்றால் இந்தப் படி உங்களுக்கு. வீடியோ செயலிகள் எல்லாம் மனிதப் பேச்சுக்காகச் செய்தவை. பேச்சு அல்லாத, ஒரே சீராக வருகிற சத்தம் எதுவானாலும் மின்விசிறி என்று நினைத்து அழித்துவிடும். மூச்சுச் சத்தமும் மர்மரும் அவற்றின் கணக்கில் மின்விசிறிதான். போதாததற்குத் தாழ்ந்த ஒலியை வெட்டும் வடிகட்டியும் பலவற்றில் உள்ளே இருக்கிறது.

ஜூமில் ஆடியோ அமைப்புகளுக்குள் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, எதிரொலி நீக்கத்தையும் அணையுங்கள். அமைப்பில் போட்டால் மட்டும் போதாது. கூட்டம் தொடங்கியதும் திரையில் அந்தப் பொத்தான் 'ஆன்' என்று காட்டுகிறதா என்று பாருங்கள். கூகுள் மீட்டில் ஆடியோ அமைப்பில் இருக்கும் இரைச்சல் நீக்கத்தை அணைக்க வேண்டும். இரண்டிலும் மாற்ற வேண்டியது ஸ்டெத் இருக்கும் பக்கம், அதாவது நர்ஸின் கருவியில். டாக்டர் தன் பக்கம் எதை மாற்றினாலும், வழியில் அழிந்தது திரும்பி வராது.

சாதாரண வாட்ஸ்அப் அழைப்பில் ஸ்டெத் சத்தத்தை அனுப்பாதீர்கள்.

5. காகிதங்கள்

2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்கள்தான் அடிப்படை. உங்களுக்கு வேண்டிய அளவு இவ்வளவு:

நோயாளியே டாக்டரை அழைத்தால் சம்மதம் இருப்பதாகவே கொள்ளப்படும். நர்ஸோ சுகாதாரப் பணியாளரோ தொடங்கினால் வெளிப்படையான சம்மதம் வேண்டும். உங்கள் ஏற்பாட்டில் தொடங்குவது நர்ஸ்தான். எனவே ஒவ்வொரு முறையும் சம்மதம் வாங்கிப் பதிய வேண்டும். எழுத்தாகவோ குரலாகவோ வீடியோவாகவோ இருக்கலாம். வாசகம் நீளமாக வேண்டாம். 'என் நெஞ்சுச் சத்தத்தைப் பதிவு செய்து டாக்டருக்கு அனுப்பவும், அவர் தொலைவிலிருந்து ஆலோசனை சொல்லவும் சம்மதிக்கிறேன்' என்ற அளவு போதும். கைநாட்டு வைப்பவர் என்றால் படித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள். பதிவைப் பயிற்சிக்கோ ஆராய்ச்சிக்கோ பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனிக் காகிதம், இதோடு கலக்காதீர்கள்.

நோயாளியின் பெயர், வயது, முகவரி, போன் எண்ணை டாக்டர் உறுதி செய்ய வேண்டும். குழந்தை என்றால் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்; அவர் யார் என்பதையும் குறிக்க வேண்டும். மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் கட்டாயம். போதை மருந்துகளும் அட்டவணை எக்ஸ் (கடும் கட்டுப்பாட்டில் உள்ளவற்றின் சட்டப் பட்டியல்) மருந்துகளும் தொலைவிலிருந்து எழுதக் கூடாதவை.

ஒலிக் கோப்பும் மருத்துவ ஆவணம்தான். பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான பழைய ஒழுங்குமுறை. சீட்டு, குறிப்பு, சம்மதம் ஆகியவற்றோடு ஒலியையும் சேர்த்து வையுங்கள். நர்ஸின் சொந்தப் போனின் கேலரியில் வைக்காதீர்கள். மையத்துக்கென்று ஒரு போன், பூட்டுக் குறியோடு.

நெஞ்சுவலி, நீல உதடு, ஒரு வாக்கியம் முடிக்க முடியாத மூச்சுத் திணறல் என்று வந்தால் பதிவு, சம்மதப் படிவம் எதுவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

6. அறையும் உடையும்

மின்விசிறியை அணையுங்கள். 'சின்னதா ஓடட்டும்' என்பது வேண்டாம். ஏசி, யூபிஎஸ் முனகல், ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் என எல்லாவற்றையும் கவனியுங்கள். பதிவு நடக்கும் பத்து நிமிடம் டிவியும் இருக்கக் கூடாது, துணைக்கு வந்தவரின் போனும் சைலண்டில்.

உடைக்கு மேல் வைத்துப் பதிவதில் பயனில்லை. பருத்தி உரசினால் நுரையீரலில் நீர் கோத்தது போன்ற கரகரப்பு கேட்கும். பட்டும் பாலியெஸ்டரும் இன்னும் மோசம். பெண் நோயாளி என்றால் பெண் நர்ஸ், அல்லது வீட்டுப் பெண் ஒருவர் கூட இருக்கட்டும். வீடியோவை அந்த நேரத்துக்கு அணைத்துவிடலாம், பதிவுக்குப் படம் தேவையில்லை. இதைச் சொன்னாலே பாதித் தயக்கம் போய்விடும். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்லாதீர்கள். 'கொஞ்சம் முதுகுப் பக்கம் போட்டுக்கோங்கம்மா' என்றால் போதும். தாயத்தும் அப்படித்தான்.

ஆண்களின் நெஞ்சு முடி தனித் தொல்லை. ஒரு கொத்துத் தலைமுடியைக் காதருகே விரலிடையில் வைத்து உருட்டிப் பாருங்கள்; நெரிநெரி என்று கேட்கும். நுரையீரல் நார்த்திசு நோயில் வரும் நுண் கரகரப்பும் கிட்டத்தட்ட அதேதான். வட்டுக்கு அடியில் முடி சிக்கினால் டாக்டர் இல்லாத நோயைத் தேடுவார். முடியைத் தண்ணீரில் நனைத்துப் படிய வைத்து, வட்டைச் சற்று அழுத்திப் பிடியுங்கள்.

7. இதயம்: ஐந்து இடம்

தொண்டைக் குழியிலிருந்து விரலை மார்பெலும்பின் மேல் கீழே நகர்த்துங்கள். மூன்று நான்கு விரற்கடைக்குள் குறுக்காக ஒரு மேடு தட்டும். அதன் பக்கத்தில் ஒட்டியிருப்பது இரண்டாவது விலா; அதற்குக் கீழே உள்ள பள்ளம் இரண்டாவது இடைவெளி. எண்ணத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். கழுத்தெலும்பிலிருந்து எண்ணினால் ஒன்று தவறும்.

- இ1: மார்பெலும்பின் வலப்பக்கம், இரண்டாவது இடைவெளி
- இ2: இடப்பக்கம், இரண்டாவது இடைவெளி
- இ3: இடப்பக்கம், மூன்றாவது இடைவெளி
- இ4: இடப்பக்கம், நான்காவது இடைவெளி
- இ5: இடப்பக்கம், ஐந்தாவது இடைவெளி, கழுத்தெலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில்

இ5-க்கு மார்பகத்தின் மேல் வைக்காமல், நோயாளியே கையால் தூக்கிக்கொள்ளச் சொல்லி அடியில் வையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் வட்டை வைத்து, மூன்று விநாடி விட்டுப் பிறகு பதிவை அழுத்துங்கள். வைத்த உடன் வரும் உரசல் பதிவில் ஏறாது. விரல் அசையக் கூடாது. இரு விரல் நடுவே வட்டைப் பிடித்து, மணிக்கட்டை நோயாளியின் மேல் சாய்த்துக்கொண்டால் கை நடுங்காது. 'மூச்சை விட்டுட்டு, அப்படியே பிடிச்சுக்கோங்க' என்று சொல்லலாம். ஆனால் வயதானவர்களால் 15 விநாடி பிடிக்க முடியாது. 8 விநாடி போதும், வற்புறுத்தாதீர்கள்.

இவை தவிர இரண்டு கூடுதல் பதிவு. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களிக்கப் படுக்கவைத்து, இ5-இல், பெல் நிலையில் (தாழ்ந்த ஒலிக்கான அமைப்பு), மெல்லத் தொட்டு ஒன்று. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களிடம் வரும் தாழ்ந்த உறுமல் இந்த நிலையில்தான் நன்றாகப் பிடிபடும். படுத்தவாக்கில் எடுத்த ஐந்து பதிவிலும் அது இல்லாமல் போகலாம். உட்கார்ந்து முன்பக்கம் சாய்ந்து, மூச்சை விட்ட நிலையில் இ3-இல் இன்னொன்று. இது அயோர்டிக் வால்வுக் கசிவுக்கு.

கேட்கும்போது வடிகட்டியை மாற்றிக்கொள்ளச் செயலி இடம் தந்தால், மற்ற பதிவுகளை அகன்ற அலைவரிசையிலேயே எடுங்கள். டாக்டர் தனக்கு வேண்டியபடி பெல், டயஃப்ரம் (உயர்ந்த ஒலிக்கானது) என்று மாற்றிக் கேட்பார். பதியும்போதே வெட்டியதைப் பிறகு ஒட்ட முடியாது. ஒலியளவு அதிகமாகி அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் அளவைக் குறைத்து மறுபடி எடுங்கள்.

பதிவில் வராத இரண்டை நர்ஸ் கையால் பார்த்து எழுத வேண்டும். ஒன்று, உள்ளங்கையை வைத்தால் பூனை உறுமும்போது அதன் முதுகைத் தொட்டது போன்ற அதிர்வு இருக்கிறதா என்பது. கருவி சத்தத்தைப் பெருக்குவதால், மர்மர் எவ்வளவு பலமானது என்பதைப் பதிவை வைத்து மட்டும் தரம் பிரிக்க முடியாது. அதிர்வு இருந்தால் அது ஆறு தரங்களில் நான்காம் தரமோ அதற்கு மேலோ. இரண்டாவது, நாடித் துடிப்பு எண்ணிக்கை. நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் எது லப், எது டப் என்று சத்தத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். நர்ஸ் கழுத்து நாடியைத் தொட்டபடி கேமராவில் விரலை ஆட்டிக் காட்டுவதும் உதவாது. வீடியோவும் ஒலியும் வெவ்வேறு தாமதத்தில் வருகின்றன. குழந்தைகளை அதிகம் பார்ப்பீர்கள் என்றால் ஈசிஜி சேர்ந்த ஸ்டெத் வாங்குவதற்கு இதுதான் காரணம்.

8. நுரையீரல்

முன்பக்கம் மேல், நடு என்று இருபுறமும் நான்கு. அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் இரண்டு. முதுகில் மேல், நடு, கீழ் என்று ஆறு. மொத்தம் 12. இட-வலமாக மாற்றி மாற்றி எடுங்கள். ஒரே உயரத்தில் இரண்டையும் ஒப்பிட்டால்தான் டாக்டருக்குக் குறைவு தெரியும். தோள்பட்டை எலும்பின் மேல் வைத்தால் எதுவும் கேட்காது. நோயாளி இரு கைகளையும் முன்னால் கட்டிக்கொண்டால் எலும்பு விலகி இடம் கிடைக்கும்.

'வாயைத் திறந்து, நல்லா இழுத்து, மெதுவா விடுங்கய்யா.' மூக்கால் இழுத்தால் மூக்குச் சத்தமே பதிவாகும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு முழு மூச்சு. நான்கு இடத்துக்கு ஒரு முறை ஓய்வு கொடுங்கள். தொடர்ந்து ஆழமாக மூச்சு விட்டால் தலை சுற்றும். கரகரப்பு கேட்டால் இருமச் சொல்லி அதே இடத்தில் மறுபடி பதியுங்கள். இருமியதும் போய்விட்டால் சளி. போகவில்லை என்பதையும் எழுதி அனுப்புங்கள், டாக்டருக்கு அது பெரிய தகவல்.

9. பெயரிட்டு அனுப்புதல்

நோயாளியின் பெயரைக் கோப்பில் எழுதாதீர்கள். மையத்தின் பதிவு எண், தேதி, இடக்குறி: '0147-12-இ5' என்பது போல. ஏழு இதயப் பதிவு, பன்னிரண்டு நுரையீரல் பதிவு என்று வரும்போது குறி இல்லாவிட்டால் வலது எது, இடது எது என்று யாருக்கும் தெரியாது.

15 விநாடி, ஒற்றை ஒலித்தடம், 16 பிட், விநாடிக்கு 44,100 மாதிரி உள்ள வேவ் கோப்பு சுமார் 1.3 எம்பி வரும். 4,000 மாதிரி வீதத்தில் 120 கேபிதான். கிராமத்து நெட்டுக்கும் இது பெரிதல்ல. வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப முடியும் என்றால் 'டாக்குமெண்ட்' ஆக இணையுங்கள். ஸ்டெத்தை மைக்கில் வைத்து வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து அனுப்புவது கூடவே கூடாது. அது பேச்சுக்காகச் சுருக்கப்படுவது. உங்கள் தொலைமருத்துவத் தளம் ஒலிக் கோப்பை ஏற்கிறதா என்பதை முதல் நோயாளி வருவதற்கு முன்பே சோதியுங்கள். படமும் பிடிஎஃபும் மட்டும் ஏற்கும் தளங்கள் நிறைய.

10. டாக்டர் எழுத வேண்டிய மூன்றாவது சொல்

பதிவைக் கேட்டவர் 'இயல்பு' என்றோ 'இயல்பு இல்லை' என்றோ மட்டும் எழுதினால் போதாது. 'கேட்க இயலவில்லை' என்ற மூன்றாவது கட்டமும் குறிப்புத் தாளில் இருக்க வேண்டும், இடவாரியாக. அந்தக் கட்டம் இல்லாத தாளில் மோசமான பதிவெல்லாம் 'இயல்பு' பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு முறை மீண்டும் எடுத்தும் கேட்கவில்லை என்றால் நோயாளியை நேரில் அனுப்ப வேண்டியதுதான். மூன்றாவது முறை நேர விரயம்.

செயலி தானாகவே 'மர்மர் உண்டு, இல்லை' என்று காட்டினால் அது டாக்டருக்கு ஒரு துணைக் குறிப்பு, அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவு நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ வழிகாட்டுதல்கள் இடம் தரவில்லை. அந்தத் திரையை நோயாளிக்குக் காட்டாதீர்கள்.

11. செலவும் நேரமும்

கருவிக்கு ரகத்தைப் பொறுத்து 15,000 முதல் 50,000 ரூபாய் வரை ஒதுக்குங்கள். மையத்துக்கென்று ஒரு போன், டாக்டருக்கு ஹெட்போன், செயலிச் சந்தா, மாற்று டயஃப்ரம் (வட்டின் சவ்வு) ஆகியவை தனி. பணம் குறைவாக இருந்தால் கருவியில் ஒரு படி இறங்குங்கள், ஹெட்போனில் இறங்காதீர்கள்.

பழகிய நர்ஸுக்கு இதயமும் நுரையீரலும் சேர்த்துப் பத்து நிமிடம். முதல் மாதத்தில் இருபது ஆகும். டாக்டர் கேட்க ஐந்து நிமிடம். ஒரு மணி நேரத்தில் ஆறு பேர் என்று கணக்குப் போட்டு அட்டவணை அச்சடித்துவிடாதீர்கள், மூன்றில் தொடங்குங்கள். இருமலுக்கு வந்தவருக்கு 19 பதிவும் தேவையில்லை, எந்த இடங்கள் என்று டாக்டரே முதலில் சொல்லலாம்.

12. துடைத்தல், சார்ஜ், திங்கட்கிழமைச் சோதனை

ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்ந்த துணியால் வட்டைத் துடையுங்கள். கைக்குப் போடும் சானிடைசர் ஜெல் வேண்டாம். அதில் கலந்திருக்கும் மற்ற பொருள்கள் ரப்பரைக் கெடுக்கும். முக்கி எடுக்கவோ கொதிக்கவைக்கவோ கூடாது. சார்ஜ் முந்தைய மாலை. செயலியின் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் நோயாளி சட்டையைக் கழற்றி உட்கார்ந்த பிறகு அது புதுப்பிக்கத் தொடங்கும்.

வாரத்தின் முதல் நாள் நர்ஸ் தன் இதயத்தையே இ2-இலும் இ5-இலும் பதிந்து, வழக்கமான வழியில் டாக்டருக்கு அனுப்பட்டும். டாக்டர் துடிப்பை எண்ணிச் சொல்லட்டும். நர்ஸ் தன் நாடியில் எண்ணியதோடு ஒத்துப்போக வேண்டும். நர்ஸ் இளவயதினராக இருந்தால் இ2-இல் மூச்சை உள்ளிழுக்கும்போது 'டப்' இரண்டாகப் பிரிந்து கேட்கும், அது இயல்பு. அந்தப் பிளவு போன வாரம் டாக்டருக்குக் கேட்டு இந்த வாரம் கேட்கவில்லை என்றால் அன்றைக்கு நோயாளிகளைப் பார்க்கத் தொடங்காதீர்கள். டியூப், கம்பி, அமைப்பு, ஹெட்போன் என்ற வரிசையில் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.